போலீஸ் சட்டையில் கேமரா: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரவு பத்து மணிக்கு மேல் சென்னையில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் அந்தக் காட்சி பழக்கம்தான். விளம்பரம் ஒட்டிய பேரிகார்டுகள் சாலையைக் குறுக்கி நிற்கும். ஒருவர் கையில் ஊதும் கருவி, இன்னொருவர் கையில் செல்லான் மெஷின். சிலருடைய சட்டைப் பைக்கு மேலே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புக் கேமரா. அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். செக்கிங்கில் மாட்டியவர்கள், பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனதால் பதறியவர்கள், செய்தி பார்த்துவிட்டு யோசிப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் இதை மட்டும் நம்பாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அந்தக் கேமராவில் என்னவெல்லாம் பதியும்?

படமும் பேச்சும் பதியும். தேதி, நேரம், கேமராவின் அடையாள எண் ஆகியவை ஓரத்தில் ஏறும். சில மாடல்கள் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளும், சிலவற்றிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு நேரலையாகவும் அனுப்ப முடியும். மற்றவை உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். டூட்டி முடிந்ததும் அதைக் கொண்டுபோய்ச் செருகினால் சர்வருக்கு ஏறும்.

என்ன பதியாது என்பதைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். கேமரா போலீஸ்காரரின் மார்பில் இருக்கிறது. அது பார்ப்பது உங்களை, அவரை அல்ல. உங்கள் முகம், உங்கள் கோபம், நீங்கள் கையை ஓங்கியது எல்லாம் தெளிவாக விழும். அவர் முகம் விழாது. தள்ளுமுள்ளு வந்தால் சட்டைத் துணியும் தெருவிளக்கும் ஆடுவது மட்டும்தான் தெரியும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 2023 ஜனவரியில் டயர் நிக்கல்ஸ் என்ற இளைஞரைப் போலீஸார் அடித்ததில் அவர் இறந்துபோனார். அவர்கள் உடலிலும் கேமரா இருந்தது. அதில் அதிகம் கேட்டது "கையைக் காட்டு, கையைக் காட்டு" என்ற அவர்களுடைய கத்தல்தான். அந்தக் கைகளைப் போலீஸார் பிடித்து வைத்துக்கொண்டு அடித்தது, அருகில் கம்பத்தில் இருந்த கண்காணிப்புக் கேமராவில்தான் தெளிவாகத் தெரிந்தது.

டூட்டி முழுக்க ஓடிக்கொண்டே இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. அணிந்திருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். பல மாடல்களில் அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளும் கூடவே சேரும். அந்த நொடிகளில் சில சமயம் ஒலி இருக்காது.

முழு நேரமும் ஓட்டாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பேட்டரி தாங்காது, சேமிக்கவும் இடம் வேண்டும். ஒரு மணி நேர ஃபுல் எச்.டி. வீடியோ சுமார் 2 ஜி.பி. என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 16 ஜி.பி. வரும். 500 கேமரா ஓடினால் ஒரு நாளைக்கு 8 டி.பி., மாதத்துக்கு 240 டி.பி. ஆகும். கேமரா வாங்க ஒருமுறை ஒதுக்கும் பணத்தைவிட, வருஷா வருஷம் சேமிப்புக்கு ஆகும் பணம்தான் துறையை உறுத்தும். திறப்பு விழா கேமராவுக்குத்தான் நடக்கும், சர்வருக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

ஆனால் விவகாரம் முழுக்க இந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நகரங்களில் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. சந்திப்பு தொடங்கும்போதே கேமராவை ஆன் செய்து, பதிவு ஆகிறது என்று சொன்ன இடங்களில் பலப்பிரயோகம் 37 சதவீதம் குறைந்திருந்தது. எப்போது ஆன் செய்வது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கு விட்ட இடங்களில் அது கூடியிருந்தது. அதே கேமராதான், பொத்தான் மேல் யாருக்கு அதிகாரம் என்பதுதான் வித்தியாசம்.

"சார், கேமரா ஆன்ல இருக்கா?" என்று கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். நிதானமாக, 'சார்' போட்டுக் கேளுங்கள். "ஆன்லதான் இருக்கு" என்று அவர் சொன்னால் அந்தப் பதிலும் உங்கள் கேள்வியும் பதிவாகிவிடும். "இல்லை" என்றால் "ஆன் பண்ணிடுங்க சார், ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சொல்லிப் பாருங்கள். மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டையில் உள்ள பெயரையும் படித்து வையுங்கள். கைது செய்யும் அதிகாரி தெளிவாகத் தெரியும்படி பெயர் அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளில் ஒன்று. இப்போது அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவிலும் இருக்கிறது. மழைக்கோட்டுக்குள் பெயர்ப்பட்டை மறைந்திருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

எப்போது ஆன் செய்ய வேண்டும், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்று உடலில் அணியும் கேமராவுக்காகவே நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. கேமரா வருவது துறை வழியாக, பயன்பாடு ஓடுவது உத்தரவுகள் வழியாக. அதனால் சட்டத்தை நான்கு இடத்திலிருந்து பொறுக்கித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

போக்குவரத்து அபராதத்துக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி. அது மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளின் பட்டியலில் உடலில் அணியும் கேமராவையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், பதிவில் இடமும் தேதியும் நேரமும் இருக்க வேண்டும், செல்லான் விவகாரம் முடியும்வரை பதிவை வைத்திருக்க வேண்டும்.

சோதனைக்கும் பறிமுதலுக்கும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. வீட்டைச் சோதித்தாலோ பொருளைக் கைப்பற்றினாலோ அதை ஒலி-ஒளிப் பதிவு செய்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். செல்போனில் எடுப்பதே விரும்பத்தக்கது என்று சட்டமே சொல்கிறது.

நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு இருக்கும். கோப்புக்குக் கைரேகை எடுத்து வைப்பது மாதிரி அது. இடையில் ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த துண்டை வைத்துக்கொண்டு வழக்கை ஜெயிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, காவல் நிலையத்துக்குள் இருக்கும் சிசிடிவி பற்றி உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்ன தீர்ப்பு. அது கீழே தனியாக வருகிறது.

ஹெல்மெட் போட்டிருந்தேன், போடவில்லை என்று செல்லான் வந்துவிட்டது. வீடியோவைக் கேட்கலாமா?

கேட்கலாம். செல்லானோடு புகைப்படம் இணைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள்; வண்டி எண் தவறாகப் படிக்கப்பட்டிருப்பதும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கட்டாமல் எதிர்த்து, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் ஆதாரத்தைக் காட்ட வேண்டியது போலீஸ்தான். ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று பெரும்பாலோர் கட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது பெரிய விஷயம். அடித்துவிட்டார்கள், அல்லது அசிங்கமாகத் திட்டிவிட்டார்கள். பதிவை எப்படிப் பிடிப்பது?

இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பதிவைக் கொடு என்று கேட்பது ஒன்று, பதிவை அழிக்காதே என்று கேட்பது இன்னொன்று. முதலில் இரண்டாவதைச் செய்யுங்கள், மறுநாளே செய்யுங்கள். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டுப் பதிலுக்கு முப்பது நாள் காத்திருந்தால் அதற்குள் சர்வரில் அந்த இடத்தில் வேறு எதுவோ ஏறியிருக்கும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"பொருள்: கேமராப் பதிவுகளை அழியாமல் பாதுகாக்கக் கோருதல். ஐயா, நேற்று இரவு சுமார் 10.40 மணிக்கு இன்ன சந்திப்பில் நடந்த வாகனச் சோதனையில் இன்ன எண்ணுள்ள என் வண்டி நிறுத்தப்பட்டது. அங்கே பணியிலிருந்த உதவி ஆய்வாளரின் சீருடையில் கேமரா இருந்தது. அன்று இரவு 10.30 முதல் 11.15 வரை அந்த இடத்தில் பணியாற்றிய அனைவரின் உடல் கேமராப் பதிவுகளையும், அந்தச் சந்திப்பில் உள்ள சிசிடிவி பதிவுகளையும், பணிப் பட்டியலையும் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சம்பவம் குறித்து உரிய அமைப்புகளிடமும் நீதிமன்றத்திலும் முறையிட உள்ளேன். இக்கடிதத்துக்குப் பின் பதிவுகள் அழிந்தால் அதுவும் முறையீட்டில் சேர்க்கப்படும்."

உரிய துணை ஆணையருக்கு ஒன்று, வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்துக்கு ஒன்று. ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், இல்லையென்றால் நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். கூடவே மின்னஞ்சலும் போடுங்கள். "அனைவரின் பதிவுகளையும்" என்ற சொல் முக்கியம். உங்களை அடித்தவரின் கேமரா அணைந்திருக்கலாம், பக்கத்தில் நின்றவருடையது ஓடியிருக்கலாம். அந்த இடத்தில் உள்ள மருந்துக்கடை, ஏ.டி.எம்., அடுக்குமாடி வாசல் ஆகியவற்றின் கேமராக்களையும் அன்றே போய்ப் பாருங்கள். 'மூன்றாவது கண்' திட்டம் என்ற பெயரில் நகரம் முழுக்கக் கேமரா வைக்கச் சொன்னது போலீஸ்தான். அந்தக் கண் போலீஸையும் பார்க்கும். 2022 ஏப்ரலில் கெல்லீஸ் அருகே இரவு வாகனச் சோதனையில் ஆட்டோவில் வந்து பிடிபட்ட விக்னேஷ் என்ற இளைஞர், தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு மறுநாள் இறந்துபோனார். அவரைப் போலீஸார் துரத்திப் பிடித்ததைக் காட்டிய தெருக் கேமராக் காட்சி தொலைக்காட்சிகளில் வந்தது. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், போலீஸார் மீதே கொலை வழக்கானது.

வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால், பதிவை வரவழைக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். இதுதான் உறுதியான வழி.

ஆர்.டி.ஐ.யில் வீடியோ கிடைக்குமா?

சண்டை போட்டால் கிடைக்கலாம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "விசாரணை நடக்கிறது, 8(1)(எச்) பிரிவின்படி தர இயலாது" என்று பதில் வரும் வாய்ப்பு அதிகம். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது, கொடுப்பதால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள். அடுத்தவர் முகம் தெரிகிறது என்றால், அதை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி 10ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். 2025 நவம்பரில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவு இறுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது.

"ஏன் என்னை நிறுத்தினீர்கள்?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அன்றைய பணிப் பட்டியல், கேமரா யாருக்கு எந்த எண் கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டின் நகல், பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சுற்றறிக்கையின் நகல். என் அனுபவத்தில் வீடியோவைவிட இந்தத் தாள்கள் சீக்கிரம் கிடைக்கின்றன, உயர் நீதிமன்றத்தில் அதிகம் பேசுகின்றன.

"அழிந்துவிட்டது", "கேமரா ரிப்பேர்" என்றால்?

இந்த ஊரில் எல்லோருக்கும் சாத்தான்குளம் ஞாபகம் வரும், வர வேண்டும். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் அந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராவைப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய காட்சி அன்றன்றே அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி முதலான காட்சிகள் இல்லை என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். கேமரா இருந்தது, மின்சாரம் இருந்தது, இடமும் இருந்தது. ஒரு செட்டிங்கில் மொத்தமும் வீணானது. கடைசியில் வழக்கைத் தாங்கி நின்ற சாட்சிகளில் ஒருவர், அன்று இரவுப் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர்.

ஆகவே "அழிந்துவிட்டது" என்ற பதிலோடு நிற்காதீர்கள். எந்தத் தேதியில் அழிந்தது, யாருடைய லாகின், எந்த உத்தரவின்படி, ரிப்பேர் என்றால் ரிப்பேருக்கு எழுதிய கடிதம் எங்கே என்று கேளுங்கள். பாதுகாக்கச் சொன்ன கடிதத்துக்குப் பிறகு அழிந்திருந்தால், பதிவு அவர்களுக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்க நீதிமன்றத்தை உங்கள் வக்கீல் கேட்க முடியும்.

ஸ்டேஷனுக்குள் போன பிறகு?

சட்டையில் உள்ள கேமரா பெரும்பாலும் வாசலோடு சரி. உள்ளே சிசிடிவிதான். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னது: வாசல்கள், லாக்கப், அதன் வெளிப்புறம், வராந்தா, வரவேற்பு, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்பக்கம், கழிவறைக்கு வெளியே. இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும். பதினெட்டு மாதம் சேமிக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா இருக்கிறது, மனித உரிமை மீறப்பட்டால் புகார் தரலாம் என்று உள்ளூர் மொழியில் அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும். உங்கள் ஏரியா ஸ்டேஷனில் அந்தப் பலகை இருக்கிறதா என்று அடுத்த முறை பாஸ்போர்ட் விசாரணைக்குப் போகும்போது பாருங்கள்.

கழிவறைக்கு வெளியே கேமரா என்பது தமிழ்நாட்டுக்காகவே எழுதியது போல இருக்கும். பிடிபட்டவர் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு நிற்கிற படமும், "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்கிற செய்தியும் இங்கே எத்தனை முறை வந்திருக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மீம் போட்டுச் சிரித்தவர்களில் நாமும் உண்டு. விழுந்தது உண்மையென்றால் உள்ளே போனபோது எப்படி நடந்து போனார், எத்தனை பேர் கூடப் போனார்கள், வெளியே எப்படி வந்தார் என்பதை அந்த ஒரு கேமரா சொல்லிவிடும். அந்த மூன்று நிமிடக் காட்சியை ஒவ்வொரு மாவுக்கட்டுக்கும் மாஜிஸ்திரேட் கேட்டு வாங்கினாலே போதும், வழுக்கும் தரைகள் பல காய்ந்துவிடும்.

இந்தத் தீர்ப்பு சரியாக நடைமுறையில் இல்லை என்பது உச்ச நீதிமன்றத்துக்கே தெரியும். ராஜஸ்தானில் காவல் மரணங்கள் பற்றி வந்த பத்திரிகைச் செய்தியை வைத்து, ஸ்டேஷன்களில் கேமரா வேலை செய்யாததை 2025 செப்டம்பரில் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

நான் என் செல்போனில் எடுக்கலாமா?

பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீஸாரைப் படம் எடுப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை. காவல் நிலையம்கூட அலுவலக ரகசியச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. ஆனால் முகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டு நகராமல் நின்றால், பணியைத் தடுத்ததாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவைப் போடலாம். தள்ளுமுள்ளு ஆனால் 132. நான்கடி தள்ளி நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே எடுங்கள். அதைவிட நல்லது, கூட வந்தவர் எடுப்பது.

நம் ஊரில் பெரிய உண்மைகள் பலவும் அப்படித்தான் வெளிவந்தன. 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டபோது, சென்னையில் சீருடை அணிந்தவர்களே வாகனங்களுக்குத் தீ வைப்பதாகக் காட்டிய காட்சிகள் பொதுமக்களின் போன்களிலிருந்துதான் பரவின. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, அவரை அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த சில நொடிகள்தான் வழக்கின் போக்கை மாற்றின. பின்னர் அது சி.பி.ஐ.க்குப் போனது. அங்கே விசாரித்தவர்கள் சாதாரண உடையில் வந்த தனிப்படை. மஃப்டியில் வருபவர் சட்டையில் எந்தக் கேமராவும் இருக்காது. கேமராக் கொள்கை பற்றிப் பேசுகிற யாரும் தனிப்படையைப் பற்றிப் பேசாவிட்டால், பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள்.

கேமரா வந்தால் அடிதடி குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே?

சொல்கின்றன, மறுக்கவும் செய்கின்றன. கலிஃபோர்னியாவில் ரியால்டோ என்ற சிறு நகரில் 2012இல் ஓராண்டு சோதித்தார்கள். புகார்கள் 24இலிருந்து 3 ஆக விழுந்தன, பலப்பிரயோகம் பாதிக்கும் கீழே போனது. கேமரா விற்பவர்கள் எல்லோரும் அதையே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பிறகு வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸாரை வைத்துப் பெரிதாகச் சோதித்து 2017இல் முடிவைச் சொன்னார்கள்: கேமரா அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மேலே சொன்ன 37 சதவீதக் கணக்கையும் இதோடு வைத்துப் பார்த்தால், கருவியைவிட அதைச் சுற்றி உள்ள விதிதான் வேலை செய்கிறது என்றே எனக்குப் படுகிறது.

லஞ்சம் குறையுமா?

கேமரா மாட்டியவர் கேட்க மாட்டார். இரண்டடி தள்ளி நிற்பவர்தான் "பார்த்துப் பண்ணுங்க" என்பார்.

போலீஸ்காரர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

நிறைய இருக்கிறது. குடித்துவிட்டு வந்து "நான் யார் தெரியுமா?" என்று எகிறுபவரிடம், மாமாவுக்கு போன் போடுகிறேன் என்று மிரட்டுபவரிடம் தினமும் நிற்பது அந்தக் காவலர்தான். மறுநாள் அதே ஆள் "போலீஸ் என்னை அடித்தார்" என்று புகார் கொடுத்தால், கேமராதான் அவருக்குத் துணை. நேர்மையான ஏட்டு ஒருவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பவர் டீ குடிப்பதையும், வீட்டுக்கு போன் பேசுவதையும், மேலதிகாரியைப் பற்றிப் புலம்புவதையும் பதிவு செய்து அதைவைத்து மெமோ கொடுத்தால் அது அநியாயம். இடைவேளையில் அணைக்க அவருக்கு உரிமை வேண்டும், அணைத்த நேரமும் காரணமும் குறிக்கப்பட வேண்டும்.

செக்கிங்கில் தகராறு செய்தவரின் வீடியோ மறுநாள் டிவியில் வருகிறதே, அது எப்படி?

நல்ல கேள்வி, துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி. குடிபோதையில் உளறியவரின் வீடியோ விடிவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது, காலைச் செய்தியில் இசை சேர்த்து ஓடுகிறது. அடி வாங்கியவர் தன்னுடைய பதிவைக் கேட்டால் மட்டும் விசாரணை, தனியுரிமை, தொழில்நுட்பக் கோளாறு என்று மூன்று கதவுகள் மூடிக்கொள்கின்றன. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது போதையில் இருந்தவருக்கும் சேர்த்துத்தான். பெண்கள் என்றால் பெயர், வேலை, வீடுவரை தோண்டிவிடுகிறார்கள். உங்கள் வீடியோ அப்படிக் கசிந்தால், யார் எடுத்தது, யார் லாகினிலிருந்து போனது என்று கேட்டு ஆணையருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள்.

இந்த வீடியோவில் முகம் அறியும் மென்பொருளை ஓட்ட முடியுமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும். தமிழ்நாடு காவல்துறையிடம் 2021 முதல் அப்படிப்பட்ட மென்பொருள் இருக்கிறது, ரோந்தில் போனிலேயே முகத்தைப் பொருத்திப் பார்க்கிறார்கள். வட சென்னைப் பையன்களுக்கு இது செய்தி அல்ல. நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்புவது அங்கே அன்றாடம். குறைகளைப் பார்க்க வைத்த கேமரா ஆட்களைத் தேடும் கேமராவாக மாறுவதை எழுத்தில் தடுக்காவிட்டால், அது மாறிவிடும்.

எங்கே புகார் கொடுப்பது?

மாநில மனித உரிமைகள் ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன் அவை பெரும்பாலும் கோப்பில்தான் தூங்கின.

போலீஸ் புகார் ஆணையம் என்றும் ஒன்று உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கேட்டது, மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான அமைப்பு. தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டபோது மாநில அளவில் உள்துறைச் செயலரையே தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் தலைவரும் சேர்ந்து விசாரிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் "போலீஸார் அடித்தது" என்று எழுதச் சொல்லுங்கள். கேமரா பொய்த்தாலும் அந்தத் தாள் நிற்கும்.

சென்னைக்கு ஒரு கொள்கை எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்?

முதல் வரி: மக்களை நிறுத்தினால், சோதித்தால், கைது செய்தால் கேமரா ஆன், தனிப்படைக்கும் அதேதான். அணைத்திருந்தால் காரணத்தைப் பொது நாட்குறிப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த அதிகாரியின் வாக்குமூலத்தைத் தனியாக நம்பக் கூடாது. சர்வர் சாவி காவல்துறையிடம் மட்டும் இருக்கக் கூடாது, ஒரு நகல் நீதித்துறையின் கண்காணிப்பில் போக வேண்டும். சோதனைப் பதிவை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்லும் 105ஆம் பிரிவு இருக்கும்போது, இதுவும் முடியாத காரியமில்லை. பதிவில் இருப்பவர் தன் பகுதியைப் பதினைந்து நாளில் பார்க்கலாம், யார் எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியலும் அவருக்குக் கிடைக்கும். காவலில் மரணம் என்றால் குடும்பத்துக்கு உடனே காட்ட வேண்டும். கொள்கை முழுவதும் தமிழில், ஸ்டேஷன் சுவரில். எத்தனை முறை கேமரா அணைந்திருந்தது என்ற கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில், காவல்துறை மானியக் கோரிக்கையின்போது. அன்று அவை முழுக்க இருக்கும், தொலைக்காட்சியும் இருக்கும்.

நான் பல்லாவரம். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், முகவரிதான் வேறு. 2022 முதல் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்கள். பல்லாவரம் தாம்பரத்தில் வருகிறது, பூந்தமல்லி ஆவடியில். சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று பாருங்கள், உங்கள் வீடு எங்கே என்பது முக்கியமில்லை. எல்லை சந்தேகமாக இருந்தால் இரண்டு ஆணையருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள், தபால் செலவுதான் கூடும்.